வித்துரா மலைகளின் பறவைப் பாட்டு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் மலையடிவாரத்து ஊர் வித்துரா. பக்கத்தில் 1983-இல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம். மேலே அகத்தியமலைத் தொடர். பறவை நூல்களில் அசம்பு மலை என்று குறிக்கப்படுவது இப்பகுதிதான். இங்குள்ள பாடும் பறவைகளைப் பற்றிய அறிவு தோலில் தொடங்கிக் குரலுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்ககால ஆய்வாளர் கையில் துப்பாக்கி இருந்தது. சுட்டு, உரித்து, பஞ்சடைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 1880-இல் டபிள்யூ. டி. பிளான்ஃபோர்டு அசம்புச் சிரிப்பானுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். சிரிப்பு போன்ற குரலால் பெயர் பெற்ற கூட்டத்துப் பறவை, நூலில் ஏறியதென்னவோ இறகின் நிறத்தால்! ஃபெர்குசன், போர்டிலன் இருவரின் திருவிதாங்கூர்ப் பறவைப் பட்டியல் (1903-04) கூடுகளையும் முட்டைகளையும் கவனித்தது. 1933-இல் சலீம் அலி திருவிதாங்கூரில் கள ஆய்வு செய்தார். அவரது நூல் 1953-இல் வந்தது. 1958-இல் இந்துசூடனின் ‘கேரளத்திலே பட்சிகள்’ மலையாள வாசகருக்குக் கிடைத்தது.

குரலை ஆராய அதை வரைபடமாக்கும் சோனாகிராஃப் கருவி தேவைப்பட்டது. அதைக் கொண்டு 1950-களில் கேம்பிரிட்ஜில் விலங்கியலாளர் தோர்ப், தனியே வளர்க்கப்பட்ட சாஃபிஞ்ச் குஞ்சுகள் அரைகுறையாகவே பாடுவதைக் காட்டினார். முழுமையான பாட்டு பிறவிச் சொத்து அல்ல, கேட்டுப் பழகுவது. அவரிடம் பயின்ற பீட்டர் மார்லர் கலிஃபோர்னியாவில் ஒரே இனக் குருவிகளுக்கு ஊருக்கு ஊர் வட்டார வழக்கு உண்டு என்று கண்டார்.

இம்மலைகளில் கேட்டுக் கற்பதில் எல்லை தாண்டியது துடுப்புவால் கரிச்சான். மலையாளத்தில் இதற்குக் ‘காடுமுழக்கி’ என்று பெயர். இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் இல்லை. பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து ஒலிக்கும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இதன் உறவுக் கரிச்சானை ஆராய்ந்த ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் 2006-இல் ஒரு முக்கியச் செய்தியை வெளியிட்டனர். ஆபத்து வேளையில் அது வேட்டைப் பறவைகளின் குரலையும் பிறர் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளையும் ஒலிக்கிறது. மற்ற நேரங்களில் பிறருடைய சாதாரணப் பாட்டுகளை. வெறும் கிளிப்பிள்ளைத்தனமாக இதைத் தள்ளிவிட முடியாது.

உயரத்துச் சோலைகளில் கதை வேறு. அங்கே வாழும் சிறு குருவிகள் தாழ்வான பள்ளத்தாக்கைக் கடப்பது அரிது. ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. வி. வி. ராபினும் சேதனா புருஷோத்தமும் இக்குருவிகளில் முப்பத்தெட்டின் 835 பாட்டுகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய பள்ளத்தாக்குகள் பிரித்த கூட்டங்கள் மட்டுமல்ல, அண்மைக் காலத்தில் காடழிந்து பிரிந்தவையும் சில பாட்டுக் கூறுகளில் வேறுபட்டுவிட்டன. மரபணு காட்டாத பிரிவையும் பாட்டு காட்டக்கூடும்.

மறு ஆண்டே ராபின் குழுவினர் இக்குருவிகளுக்கு ‘சோலிகோலா’ என்ற புதிய பேரினத்தை வகுத்து, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வதை அசம்பு சோலைக்கிளி என்ற தனி இனமாக அறிவித்தனர். மலையாளத்தில் எந்தப் பறவையும் கிளிதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். இது புதரடியில் திரியும் நீலக் குருவி, கண்ணில் படுமுன் காதில்தான் விழும்.