ஜேம்ஸ் ஜான் பெர்க்லியும் போர் காட் ஏற்றமும்

ஹைதராபாத்தின் சனத்நகர் வழியே செல்லும் செக்கந்தராபாத்–வாடி இருப்புப்பாதை 1874 அக்டோபரில் திறக்கப்பட்டது. நிஜாமின் செலவில் அமைந்த அப்பாதை வாடியில் சேர்ந்தது, பம்பாயிலிருந்து ராய்ச்சூருக்கு 1871இல் எட்டிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தடத்தில். தக்காணத்தைத் துறைமுகத்தோடு பிணைத்த அத்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் போர் காட் கணவாயைக் கடந்திராவிடில் உருப்பெற்றிருக்காது. அக்கணவாய்ப் பாதையை வகுத்தவர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி.

1819இல் லண்டனில் பிறந்த பெர்க்லி, ராபர்ட் ஸ்டீபன்சனிடம் பணிபுரிந்து பயின்றவர். 1850இல் தலைமைப் பொறியாளராகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அவர் பொறுப்பில் உருவான பம்பாய்–தாணே தடத்தில் 1853 ஏப்ரல் 16 அன்று முதல் பயணியர் ரயில் 21 மைல் தொலைவு ஓடியது. எனினும் அவருடைய ஆற்றலைச் சோதித்தது மலைதான். ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் 1,831 அடி உயர வேண்டியிருந்தது. சில இடங்களில் சரிவு முப்பத்தேழுக்கு ஒன்று. 25 சுரங்கங்களையும், வண்டி திசைமாறி ஏறுவதற்கான திருப்பு நிலையம் ஒன்றையும் கொண்டதாக அவர் திட்டம் அமைந்தது.

திட்டம் பெர்க்லியுடையது; நிறைவேற்றம் ஒப்பந்தக்காரர்களுடையது. 1856இல் பணியைத் தொடங்கிய ஃபேவியெல் என்பாரின் கீழ், கூலி நிலுவை காரணமாக 1859 ஜனவரியில் தொழிலாளர் கலகம் மூண்டது. அதன் தொடர்ச்சியாகவே, கூலித் தகராறுகளை நீதித்துறை நடுவர்கள் விரைந்து தீர்ப்பதற்கான 1860ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஃபேவியெல் விலக, அவ்விடத்திற்கு வந்த சாலமன் டிரெட்வெல் சில வாரங்களிலேயே மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தம் பொறுப்பில் ஏற்று முடித்தார். 1861இல் மலையில் உழைத்தோர் எண்ணிக்கை 42,000ஐத் தாண்டியது. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆயிரக்கணக்கானோர் பலியாயினர்.

உடல் நலிந்து இங்கிலாந்து திரும்பிய பெர்க்லி 1862 ஆகஸ்டில் காலமானார். 1863 ஏப்ரல் 21 அன்று ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் மலைப்பாதையைத் திறந்து வைத்தபோது அவர் இல்லை. நான்கே ஆண்டுகளில், 1867இல், அப்பாதையின் பாலமொன்று இடிந்து விழுந்தது. அவ்வீழ்ச்சி, ஒப்பந்த முறையில் எழுந்த கல்கட்டுமானத்தின் தரத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது.

ஆகவே இருப்புப்பாதை வரலாற்றைத் தனியொரு பொறியாளரின் மேதைமையாக மட்டும் எழுதுதல் குறையுடையது. சரிவைக் கணித்த அறிவு பெர்க்லிக்கு உரியது. ஆனால் அக்கணிப்பைக் கல்லில் வடித்த கைகளுக்கு உரிய கூலி, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவை கீழ்நிலை ஒப்பந்தக்காரர்களின் இலாபக் கணக்கிற்கு விடப்பட்டன. பெர்க்லியின் திருப்பு நிலையம் 1929இல் கைவிடப்பட்டது. கலகம் எழுப்பிய கேள்வியோ, யார் கூலிக்குப் பொறுப்பு என்பது, துணை ஒப்பந்த முறை நீடிக்கும் கட்டுமானத் தளங்களில் இன்றும் தீராதிருக்கிறது.