வெண்பனிப் போர் – 6: முதுகு காட்டிய இருவர்

போன வாரம் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் ஆட்களை ஊர்க்காரர்கள் சூழ்ந்து நிற்க, அவர்களை அப்படியே விட்டுவிட்டு நான் கிளம்பிவிட்டேன். உங்களுக்குக் கோபம் இருக்கும். நியாயம்தான். மேலும் காக்க வைக்கவில்லை.

அடி விழவில்லை.

விழுந்திருக்கலாம். நியூஃபவுண்ட்லாந்தின் வடகோடியில் இருக்கும் செயின்ட் ஆன்டனியில், அந்த 1976 மார்ச்சில், விருந்தாளிகளை வரவேற்கும் மனநிலையில் யாரும் இல்லை. கனடாவின் அந்தக் கோடியான வான்கூவரிலிருந்து இந்தக் கோடிக்கு இளைஞர் பட்டாளம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. அவர்களிடம் பச்சைச் சாயம் இருக்கிறது. பனிப்பாளத்தில் கிடக்கும் வெள்ளை சீல் குட்டிகள் மேல் அதைத் தெளித்துவிடுவார்களாம். குட்டிக்கு ஒன்றும் ஆகாது. தோல் மட்டும் விலை போகாது. விலை போகாத தோலுக்காக எவன் தடியை ஓங்கப் போகிறான்?

யோசனை பால் வாட்சனும் அவருடைய நண்பர்களும் கண்டது. வாட்சனை உங்களுக்குத் தெரியும். முந்தைய கோடையில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பலுக்கு எதிரே, சின்னஞ்சிறு ரப்பர் படகில் பாப் ஹன்டரோடு உட்கார்ந்திருந்தவர். தலைக்கு மேலே ஈட்டி பறந்தபோதும் நகராதவர். செத்துக்கொண்டிருந்த திமிங்கிலம் ஒன்று தன்னைப் பார்த்த பார்வைதான் தன் வாழ்க்கையை மாற்றியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர்.

அழகான யோசனைதான். ஆனால் பூசுவதற்கு முன்பே சாயம் வெளுத்துவிட்டது.

முதல் காரணம் ஒட்டாவா, அதாவது கனடா அரசு. அப்போது மீன்வளத் துறை ரோமியோ லெப்லாங் கையில். ‘சீல் பாதுகாப்பு விதிகள்’ என்று கனடாவில் அன்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அதில் அவசரமாகத் திருத்தம் வந்தது. உயிரோடு இருக்கும் சீல் மேல் சாயமோ வேறு அடையாளமோ போடக்கூடாது. சீல்களுக்கு மேலே 2,000 அடிக்குக் கீழே ஹெலிகாப்டர் பறக்கக்கூடாது. அரை கடல் மைலுக்குள் இறங்கவும் கூடாது. தடியால் அடிக்கலாம், உரிக்கலாம். வண்ணம் தெளித்தால் குற்றம்! இதை எழுதிய அதிகாரி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது.

யார் இந்த ஜனங்கள்? ரத்தவெறி பிடித்தவர்கள் என்று நினைத்துத்தான் பட்டாளத்தில் பலர் கிளம்பினார்கள். வந்து பார்த்தால் மீனவர்கள். கோடையில் காட் மீன் பிடிப்பார்கள். குளிர் தொடங்கிவிட்டால் கடல் உறைந்துவிடும். வலையை மடித்து வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கணக்கு எழுதச் சொல்ல வேண்டியதுதான். மார்ச் பிறக்கும்போது வீட்டில் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வரும். அவற்றின் மேல் லட்சக்கணக்கில் சீல்கள். தோலை விற்றால் கையில் பணம். துடுப்புக்கால் இறைச்சியை மாவுக்குள் பொதிந்து சுட்டால் அன்று வீட்டில் விருந்து. பாட்டன் செய்த தொழில், அப்பன் செய்த தொழில். 1914இல் ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்ற கப்பலிலிருந்து சீல் வேட்டைக்கு இறங்கியவர்கள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் 78 பேர் செத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் போய், நீ செய்வது பாவம் என்று பட்டணத்துக்காரன் சொன்னால்?

ஒரு நிமிடம். இந்த ஊரில் ஒரு நினைவுப் பட்டயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் என்றொரு டாக்டர். இந்தப் பகுதிக்கே மருத்துவம் கொண்டுவந்த மனிதர். 1908இல் நாய்கள் இழுக்கும் வண்டியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் பனி உடைந்தது. மிதக்கும் துண்டொன்றில் நாய்களோடு ஏறிக்கொண்டார். அது கடலை நோக்கி நகர ஆரம்பித்தது. உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது, இரவு நெருங்குகிறது. தன் நாய்களில் மூன்றைக் கொன்று, தோலை உரித்துப் போர்த்திக்கொண்டார். அவற்றின் கால்களைக் கட்டிக் கொடிக்கம்பம் செய்து அசைத்தார். மறுநாள் படகு வந்து மீட்டது. ஊர் திரும்பியவர் அந்த மூன்று நாய்களின் பெயரைப் பொறித்துப் பட்டயம் வைத்தார். மூடி, வாட்ச், ஸ்பை.

மிருகங்கள் மேல் இரக்கம் என்றால் என்னவென்று செயின்ட் ஆன்டனிக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் இந்தப் பட்டயத்தை முதலில் பார்த்திருக்கலாம்.

சரி, ஹன்டருக்கு வருவோம்.

ஹன்டர் பத்திரிகைக்காரர். ‘வான்கூவர் சன்’ நாளிதழில் பத்தி எழுதிப் பேர் வாங்கியவர். சரியான ஒரு படம் கிடைத்தால் போதும், அது கோடிப்பேர் மண்டைக்குள் போய் வெடிக்கும் என்று நம்பியவர். இப்போது அவர் கண்ணெதிரே ஒரு படம் உருவாகிக்கொண்டிருந்தது. தப்பான படம்! படித்த பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஏழை மீனவர்கள் இன்னொரு பக்கம். இது வெளியே போனால் யார் வில்லன்?

ஊர்க்காரர்களின் புகாரைக் காது கொடுத்துக் கேட்டபோது அவருக்கு வேறொன்றும் பிடிபட்டது. வேட்டை ஒன்றல்ல, இரண்டு. கரையிலிருந்து நடந்தும் சிறு படகிலும் போகிற உள்ளூர்க்காரர்களின் வேட்டை ஒன்று. பனியை உடைத்துக்கொண்டு சீல்கள் குட்டி போடும் இடத்துக்கே நேராகப் போய் நிற்கும் பெரிய கப்பல்களின் வேட்டை இன்னொன்று. அந்தக் கப்பல்களில் பல நார்வேக்காரர்களுடையவை. இதே ஜனங்களின் காட் மீனையும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள்தான் வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

அப்படியானால் எதிரி யார்?

ஊர்க் கூட்டம் கூடியது. ஆத்திரத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால் ஹன்டர் எழுந்து நின்றார். சாயத்தைக் கைவிடுகிறோம் என்றார். கரையோர மீனவர்களின் வேட்டைக்குக் குறுக்கே வரமாட்டோம் என்றார். எங்கள் சண்டை பெரிய கப்பல்களோடுதான், அந்நியக் கப்பல்களை 200 மைலுக்கு அப்பால் தள்ளச் சொல்லி நீங்கள் கேட்டால் உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்போம் என்றார்.

ஊரின் கோபம் இறங்கியது.

சொந்தக் கூடாரத்தில் ஏறியது. சாயத்துக்காக நன்கொடை அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். ஒரு குட்டியைக்கூடக் கொல்லக் கூடாது என்று ஆண்டுக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பிராணி நல அமைப்புகள் இருக்கின்றன. அவர்களுக்கு இது துரோகம். கரையிலிருந்து போகிறவன் அடித்தால் குட்டிக்கு வலிக்காதா? பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. வாட்சனுக்கே மனசு ஒப்பவில்லை.

என்னைக் கேட்டால் ஹன்டர் செய்தது சரி. பாதி தந்திரம், பாதி மனசார. இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் அவராலேயே முடிந்திருக்காது.

சாயம் போய்விட்டது. இனி கையில் என்ன மிச்சம்?

உடம்பு.

உடம்பைக் குறுக்கே போட்டு நிற்பதைத் தடுக்க ஒட்டாவாவின் சாயச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

ஹெலிகாப்டர்கள் கிளம்பின. நியூஃபவுண்ட்லாந்துக்கும் லாப்ரடாருக்கும் நடுவே பெல் ஐல் என்றொரு மொட்டைத் தீவு. அங்கே கூடாரம். கூடாரத்தைப் பிடுங்கி எறியப் பார்க்கும் காற்று. வானம் தெளிந்ததும் பனிக்கடலுக்குப் பறந்தார்கள். விதிப்படி தள்ளி இறங்கி, மீதி தூரம் நடை. பாளத்திலிருந்து பாளத்துக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். இடையில் கறுப்புத் தண்ணீர். விழுந்தால் சில நிமிடம்தான்.

குட்டிகளைக் கண்டார்கள்.

சீல் குட்டி பிறந்ததும் தாய் 12 நாள் பால் கொடுக்கும். கிட்டத்தட்டப் பாதி கொழுப்பாக இருக்கும் பால். குட்டி நாளுக்கு இரண்டு கிலோ ஊறும். பிறகு ஒரு நாள் தாய் தண்ணீருக்குள் போய்விடும். திரும்பாது. தனியாகக் கிடக்கும் குட்டிக்கு நீந்தவும் வராது, ஓடவும் வராது. ஆள் நெருங்கினால் அசையாமல் கிடக்கும். கண்ணீர் வடிந்து போகும் குழாய் சீல்களுக்கு இல்லை, அதனால் கன்னம் எப்போதும் ஈரம். பார்ப்பவருக்கு அழுவதாகத் தோன்றும். கேமரா பிடிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதன் பக்கத்தில் ஹகாபிக். நார்வேக்காரர்களின் ஆயுதம். நீண்ட மரப்பிடி. முனையில் ஒரு புறம் இரும்புச் சுத்தி, மறுபுறம் வளைந்த கூர்முனை. சுத்தி மண்டையை உடைக்க, கூர்முனை இழுத்துப் போக. உரித்த தோல்களைக் கொழுப்போடு குவித்துக் கம்பிவடத்தில் கட்டுவார்கள். கப்பலின் வின்ச் என்ற இழுவை இயந்திரம் அதைப் பனிமேல் தரதரவென இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கம்பிவடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

வாட்சன் ஒரு குட்டியின் மேல் குனிந்து உடம்பால் மறைத்தார். வேட்டைக்காரர் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த குட்டியிடம் போனார். அந்த ஆண்டு அரசு கொல்ல அனுமதித்த எண்ணிக்கை 1,27,000. இங்கே ஆளுக்கு ஒரு குட்டி. கணக்கு உதைத்தது.

குட்டியை மறைத்துப் பயனில்லை. கப்பலை மறைத்தால்?

அப்போதுதான் அது நகரத் தொடங்கியது. ‘ஆர்க்டிக் எண்டெவர்’. பனியைப் பிளந்து வழி உண்டாக்கும் இரும்பு முகப்பு.

ஹன்டரும் வாட்சனும் நடந்தார்கள். கப்பல் வரும் வழியில் போய் நின்றார்கள். திரும்பிக்கொண்டார்கள்.

ஆம். கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

போர்க்களத்தில் மகன் முதுகில் புண்பட்டான் என்றால் தாய்க்கே அவமானம் என்று பாடிய ஊர் நம்முடையது. ஆனால் இங்கே விஷயம் தலைகீழ். என் ஊகம் இது: எதிரே பார்த்துக்கொண்டு நின்றால் கடைசி நொடியில் கால் தானாக ஓடிவிடும். பார்க்காதவன் நிற்பான். பார்த்துக்கொண்டிருக்கும் கேப்டனுக்கும் அது ஒரு செய்தி. நாங்கள் விலகப் போவதில்லை. முடிவு உன்னுடையது.

எஞ்சின் சத்தம் நெருங்கியது. பனி அதிர்ந்தது.

மேல்தளத்திலிருந்து ஒரு மாலுமி கத்தினார். விலகிவிடுங்கள், எங்கள் கேப்டன் ரெண்டு தடவை யோசிக்கிற ஆள் கிடையாது என்று. மிரட்டலா, எச்சரிக்கையா? குரலில் இருந்தது பயம் என்றே தோன்றுகிறது. அந்த மாலுமிக்கும் பனியில் விறைத்துச் செத்தவர்களின் கதை தெரியும்.

இருவரும் அசையவில்லை.

பாளத்தில் விரிசல் ஓடியது. பனிக்கட்டிகள் புரண்டு வந்து அவர்களின் பின்னால் குவிந்தன.

மேலே கேப்டன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தினால் இந்த வேட்டைக்காலம் முழுக்க எவன் வேண்டுமானாலும் முன்னால் வந்து நிற்பான். நிறுத்தாவிட்டால் இரண்டு கொலை. தூரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் சத்தம் மாறியது.

கப்பல் நின்றது. முகப்புக்கும் முதுகுக்கும் நடுவே சில அடிகள்தான்.

ஹன்டர் எதிர்பார்த்த படம் கிடைத்துவிட்டது! இதில் ஏழை மீனவன் இல்லை. ஒரு பக்கம் இரும்பு மலை. மறுபக்கம் இரண்டு முதுகுகள்.

ஆனால் நிறுத்திய கப்பல் எத்தனை நேரம் நிற்கும்? வானிலை கெட்டது, எரிபொருள் தீர்ந்தது, ஆட்கள் திரும்பினார்கள். குட்டிகள் செத்தன. ஒட்டாவா படத்தைப் பார்த்து மனம் மாறவும் இல்லை. அடுத்த ஆண்டுக்கான அளவை 1,27,000இலிருந்து 1,60,000 ஆக உயர்த்தியது!

ஹன்டரின் பேரமும் நெடுநாள் நிலைக்கவில்லை. மறு மார்ச்சில் கிரீன்பீஸ் திரும்பி வந்தபோது செயின்ட் ஆன்டனியோடு கைகுலுக்கிய உறவெல்லாம் போன இடம் தெரியவில்லை. பிரெஞ்சு நடிகை பிரிஜிட் பார்தோவும் பனிக்கு வரக் கிளம்பிவிட்டார் என்ற செய்தியில் பத்திரிகைகள் அல்லோலகல்லோலப்பட்டன. அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் வாட்சனைக் கவனியுங்கள். நின்று மறித்தால் கப்பல் காத்திருந்து ஜெயிக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை அவர் ஒரு வேட்டைக்காரரின் தடியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். யாரையும் தொடக்கூடாது, எதையும் உடைக்கக்கூடாது என்பது இயக்கத்தின் விதி. அந்த ஒரு வீச்சுக்காகச் சொந்த நண்பர்களே பிற்பாடு அவரிடம் கணக்குக் கேட்கப் போகிறார்கள்.

அவருக்கு இப்போது அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. ரத்தம் சொட்டும் தோல் குவியலை நோக்கிப் போகிறார். குவியலைக் கட்டிய கம்பிவடம் பனிமேல் நீண்டு, கடலைத் தாண்டி, கப்பலின் வின்ச்சில் முடிகிறது. பையிலிருந்து கைவிலங்கை எடுக்கிறார். ஒரு வளையம் தன்னோடு. மறு வளையம் வடத்தோடு. பூட்டிவிட்டார்.

கப்பலில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே ஒரு மனிதன் விலங்கோடு நிற்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

வின்ச் சுழலத் தொடங்கியது.

(அடுத்த வாரம்)