தையலாரும் தையலும்

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைக்கும் தொழில் ஒன்று. பெண் என்பது மற்றொன்று. ஒரே சொல் இவ்விரண்டையும் எவ்வாறு சுமக்க வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியில் வல்லார் கூறுவாராக. நாம் இங்கே எடுத்துரைக்கப் புகுவது, வீட்டுத் திண்ணையிலும் பள்ளியின் தாழ்வாரத்திலும் அமர்ந்து நூலைக் கையிலெடுத்த தமிழ்ப் பெண்டிரின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியேயாகும்.

கராச்சர்மாவில் நம் குடும்பங்களின் இல்லங்களுள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவன எவை? பூவேலை செய்த தலையணை உறை, நாற்காலியின் முதுகில் குரோஷா ஊசியால் பின்னிய விரிப்பு, ஒயரால் முடைந்த கூடை. அண்டை வீட்டில் குழந்தை பிறந்தால் சிறு குல்லாய் ஒன்று பின்னிக் கொடுப்போரும் நம்மிடையே உளர். இத்தீவின் வெப்பத்தில் அதனை அக்குழந்தை எத்தனை நாள் அணியும் என்று ஆடவர் நகைப்பது வழக்கம். ஆயினும் பின்னுவோர் நிறுத்துவதில்லை. ஆண்டு விழா மேடையில் ஆடும் சிறுமியரின் பாவாடைகள் பலவும் தாய்மாரும் அத்தைமாரும் இரவில் கண்விழித்துத் தைத்தவையே.

இவற்றையெல்லாம் பொழுதுபோக்கு என்று கூறி நாம் எளிதாகக் கடந்து விடுகிறோம். அவ்வாறு கூறுவோர் நாஞ்சில் நாட்டின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

பழந்தமிழகத்தில் தைத்தல் ஒரு கடைத்தெருத் தொழிலாக இருந்தது. புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் சேர்த்தே கூறுகிறது. வீட்டினுள் நிகழ்ந்த நூல்வேலையோ பெண்டிர்க்குரியதாயிருந்தது. சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு என்று குறிக்கப்படுபவள் பஞ்சினை நூலாக நூற்பவள். துணைவனை இழந்த பெண்டிர் நூல் நூற்று வாழ்ந்த செய்தியையும் அப்பாடல்களிற் காண்கிறோம். ஆதரிப்பார் அற்றபோது பெண்ணுக்கு நூல் ஒரு பற்றுக்கோடாயிற்று என்னும் இச்செய்தியை மனத்திற் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. அங்கே மனிதரை நிலத்தோடு விற்றலும் ஒற்றி வைத்தலும் நடைமுறையில் இருந்தன. அடிமைக்குப் பிறந்த குழந்தையும் அடிமையே. இத்தகைய நாட்டிற்கு 1819ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் வந்து, நாகர்கோவிலில் தங்கினர். அம்மையார் பெண்குழந்தைகட்கு ஒரு பள்ளி நடத்தினார். படிப்போடு தையலும், 1820களில் ரேந்தை பின்னும் தொழிலும் அங்குக் கற்பிக்கப்பட்டன.

ரேந்தை என்பது இன்று லேஸ் என நாம் வழங்குவதே. ரெந்தா என்னும் போர்த்துகீசியச் சொல்லினின்று வந்தது இது. சன்னல், சாவி, அலமாரி, பொத்தான் முதலியனவும் அவ்வாறே கடல்வழி வந்து நம் வீட்டுக்குள் குடிபுகுந்த சொற்கள். இலங்கையின் தென்கரையில் இத்தொழிலுக்குரிய நூற்கட்டையைச் சிங்களர் பீரளு என்பர்; அதுவும் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்லே.

ரேந்தை பின்னுதற்குத் தறி வேண்டா. இடமும் மிகுதியாக வேண்டா. வைக்கோலோ பிறிதொன்றோ திணித்து இறுக்கிய உருண்டைத் தலையணை ஒன்று. அதன்மேல் பொருத்தத் துளைகளால் கோலம் குறித்த தடித்த தாள். துளைதோறும் குத்த ஊசிகள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள். கட்டைகளை இரண்டிரண்டாகக் கையிற் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றை மாற்றியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றிக் கொண்டு செல்லுதல் வேண்டும். அகன்ற வேலைக்குக் கட்டைகள் பல பத்தாகப் பெருகும். ஒரு கட்டை இடம் மாறினும் கோலம் கெடும். நாள் முழுதும் அமர்ந்தாலும் நுண்ணிய வேலை சில விரற்கடையே வளரும். கண்ணுக்கும் முதுகுக்கும் அது இழைக்கும் துன்பத்தைத் தையல் பழகியோர் எவரும் அறிவர்.

இவ்வாறு பின்னிய ரேந்தையை ஐரோப்பியப் பெண்கள் விரும்பி வாங்கினர். விற்ற பணத்தில் ஒரு பகுதி பள்ளிக்கும், ஒரு பகுதி பின்னிய பெண்களுக்கும் சென்றது. இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நிலை உள்ளது. அப்பள்ளியில் அடிமைகளாய்ப் பிறந்த சிறுமியர் சிலர், தாம் பின்னி ஈட்டிய பொருளைச் சேர்த்து, உடையவர்க்கு விலை கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர்! திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரசாணை 1855ஆம் ஆண்டில்தான் வந்தது. அரசு ஆணையிடும் முன்பே நூற்கட்டைகளை உருட்டி விடுதலை பெற்றவர்கள் அச்சிறுமியர். அவர்களின் பெயர்கள் நம் நாட்டு வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. கற்பித்த அம்மையாரின் பெயரை அறிவோம்; பின்னியவர் பெயரை அறியோம். இது நமக்கு ஒரு குறையே.

மால்ட் அம்மையாரின் மகள் எலைசா. நாகர்கோவிலிற் பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844ஆம் ஆண்டில் இவரை மணந்தவர் இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லாரைத் தமிழர் அனைவரும் அறிவர். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவர்க்குச் சிலையும் எழுந்தது. அவருடைய இடையன்குடியில் எலைசா அம்மையார் பெண்கட்குப் பள்ளி நடத்தி, தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலை அங்கும் பரப்பினார் என்பது அத்துணை பரவலாக அறியப்படவில்லை. இடையன்குடி செம்மணல் தேரிக்காட்டு ஊர். அங்கு மக்கள் நம்பியிருந்தது பனையை. பனையில் பதநீர் சுரப்பது ஆண்டின் ஒரு பகுதியிலேதான்; எஞ்சிய மாதங்களில் அடுப்பெரிவது அரிது. அம்மாதங்களில் பெண்கள் கைப்பட்ட ரேந்தை எத்தனை குடும்பங்களைத் தாங்கிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், ஒப்பிலக்கணத்திற்கு அடுத்து இத்தலையணைக்கும் ஒரு வணக்கம் செலுத்தத் தோன்றுகிறது. பின்னர் 1897இல் பெல்ஜிய நாட்டுத் துறவியர் முளகுமூட்டிற்கு வந்தனர். ரேந்தைக்குப் பெயர்பெற்ற நாடு அது. அவர்களும் அப்பகுதிப் பெண்கட்கு ஊசிவேலை கற்பித்தனர்.

ஆயினும் புகழ்ச்சி மட்டும் கூறிச் செல்லுதல் நேர்மையாகாது. கூலி பின்னிய அளவுக்கே கிடைத்தது. விலையை உறுதி செய்தவர் பின்னியவர் அல்லர். இதனினும் கொடியது மற்றொன்று. சீமைப் பெண்களின் கழுத்தையும் தோளையும் அழகு செய்ய ரேந்தை பின்னிய அதே நாட்டில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் தம் மார்பையும் தோளையும் மறைத்தல் குற்றமாகக் கருதப்பட்டது!

மேலாடையின்றி நிற்பதே உயர்ந்தோர்முன் காட்டும் பணிவு என்பது அன்றைய வழக்கு. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாமென 1814இல் கர்னல் மன்றோ காலத்தில் ஆணை பிறந்தது. குப்பாயம் என்பது தளர்ந்த மேற்சட்டை. மிஷனரிமாரின் மனைவியர் அதனை வெட்டித் தைக்கக் கற்பித்தனர். ஆணை இருந்தும் 1820களில் சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு வந்த அரசாணை, குப்பாயம் அணிய இசைந்து, உயர்குல மகளிரைப்போல் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. இறுதியில், சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் வற்புறுத்தலால், 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னர் வெளியிட்ட ஆணை நாடார் குலப் பெண்கள் அனைவரும் மேலுடை அணிய வழிவிட்டது. அப்போதும் உயர்குலத்தார் முறையில் அணியலாகாது என்னும் தடை நீங்கவில்லை. தோள்சீலைப் போராட்டம் என வரலாறு இதனைக் கூறும். கிழித்த சட்டையை இரவில் மீண்டும் தைத்து மறுநாள் அணிந்து வெளியே சென்ற பெண்களின் துணிவன்றோ அவ்வாணையைப் பெற்றுத் தந்தது! இன்று நம் பெண்மக்கள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக் கையின் நீளத்தைப் பற்றித் தையற்காரரோடு வாதிடுவதைக் காணும்போது இந்நினைவு நமக்கு எழாமல் இருப்பதில்லை.

அக்கலகம் மூண்ட அதே 1858ஆம் ஆண்டில்தான், மார்ச்சு மாதம் 10ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளோடு நம் தீவில் வந்திறங்கினார். அவர்கள் இறங்கிய போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்பது பெயர். பின்னர்ப் பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். அவர்கட்குத் தனிச் சிறை இருந்தது; கைதிகளின் உடைக்கு வேண்டிய நெசவும் தையலும் அவர்தம் பணிகளுள் அடங்கின. நாகர்கோவிலில் அடிமைத்தளை அறுத்த ஊசி இங்கே தண்டனையின் கருவியாயிற்று. கருவி ஒன்றே, கூலி யார் கைக்குச் சென்றது என்பதில்தான் வேறுபாடு.

1942 மார்ச்சு முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவை ஆண்ட காலத்தில் கப்பல் வரத்து அறுந்து, உணவோடு துணியும் அரிதாயிற்று. ஒட்டுப்போடத் தெரிந்த கையே அந்நாளில் ஒரு வீட்டின் மானத்தைக் காத்திருக்கும். விடுதலைக்குப்பின் தாய்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் காலால் மிதிக்கும் தையற்பொறி ஒன்று இருந்தது. வீட்டுத் தலைவரின் கூலி மாதக் கடைசியில் தீர்ந்தபோது பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது அப்பொறியே என்று நம் சங்கத்து முதியோர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அக்கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதில்லை.

நம்மிடையே நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்த குடும்பங்கள் உள்ளன. அவர்களுள் எவர் வீட்டிலேனும் பாட்டியார் பயன்படுத்திய ரேந்தைத் தலையணையோ, நூற்கட்டைகளோ, துளையிட்ட கோலத்தாளோ, பழைய பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு சாண் ரேந்தையோ இருக்குமாயின், அடுத்த ஆண்டு விழாவுக்கு அன்புகூர்ந்து கொணருமாறு வேண்டுகிறோம். சங்கத்தின் மண்டபத்தில் அதற்கென ஒரு மேசை ஒதுக்குவோம். பின்னியவர் பெயரையும் மறவாது எழுதிக் கொடுங்கள். பொருளின் அருகே அப்பெயரையும் எழுதி வைப்போம்.