ஊருக்கு ஒரு வீடு

முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். பப் என்றதும் டாஸ்மாக் வாசல் ஞாபகத்துக்கு வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். கலர் லைட்டும் காதைக் கிழிக்கிற பாட்டும் வந்தால் அதையும். நாம் பார்க்கப்போவது இங்கிலாந்துக் கிராமத்து பப். நம் ஊர் டீக்கடை, கோயில் திண்ணை, பஞ்சாயத்து ஆலமரம் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே போட்டு, நடுவில் ஒரு பீர் பீப்பாயை உருட்டிவிட்டால் என்ன வருமோ, அது.

அந்த பப்தான் இப்போது வீடாகிக்கொண்டிருக்கிறது. டூ பெட்ரூம், த்ரீ பெட்ரூம், பின்னால் தோட்டம், கார் நிறுத்த இடம். வாசலில் மட்டும் பெயர்ப்பலகை தொங்கிய இரும்புக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும். வாங்கினவர் கொஞ்சம் ரசனையுள்ளவராக இருந்தால் பழைய பெயரை வீட்டுக்கே வைத்துவிடுவார். ஒரு காலத்தில் ஊரே புழங்கிய இடம் என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பப் பிறந்ததே வீட்டில்தான்.

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொது வீடு. இடைக்கால இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவது சமையலறை வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். ஏல் என்று அதற்குப் பெயர். இரண்டு மூன்று நாளில் புளித்துப் போய்விடும். வீட்டுக்குத் தேவையானது போக மிச்சம் இருந்தால் என்ன செய்வது? வாசலில் ஒரு நீளக் கம்பை நட்டு, அதன் நுனியில் ஒரு கொத்து இலைதழையைக் கட்டிவிடுவார்கள். 'சரக்கு ரெடி' என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள், குடிப்பார்கள், காசு கொடுப்பார்கள், அப்படியே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஆச்சா? வியாபாரம் ஆரம்பித்துவிட்டது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ வந்தது. அதைச் சேர்த்துக் காய்ச்சினால் பீர் நாள்கணக்கில் கெடாது. கெடாத சரக்கு என்றால் நிறைய காய்ச்சலாம், தூரத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதலீடு வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், வண்டி வேண்டும். மெல்ல மெல்ல அந்தத் தொழில் பெண்கள் கையிலிருந்து நழுவிப்போனது. ஆனால் குடிக்கிற இடம் மட்டும் வீடாகவே இருந்தது. கீழே கடை, மாடியில் கடைக்காரர் குடும்பம்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 1552-ல் ஆறாம் எட்வர்ட் காலத்தில் சட்டம் போட்டார்கள். ஏல் விற்க வேண்டுமானால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் லைசென்ஸ் வாங்கவேண்டும். கிட்டத்தட்ட முன்னூறு வருடம் அந்த ஏற்பாடு ஓடியது.

1830-ல் தலைகீழ் மாற்றம். வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனை ஜெயித்தாரே வெலிங்டன், அவர்தான் அப்போது பிரதமர். ஜனங்கள் ஜின்னைக் குடித்துக் கெட்டுப்போகிறார்கள், பீராவது குடிக்கட்டும் என்று ஒரு நினைப்பு. போட்டி வந்தால் விலை குறையும் என்று இன்னொரு நினைப்பு. உள்ளூர் வரி கட்டுகிற யாராக இருந்தாலும் இரண்டு கினி கொடுத்து லைசென்ஸ் எடுத்துக்கொண்டு பீர் விற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் தயவு தேவையில்லை.

விளைவு? எட்டே வருடத்தில் 45,000-க்கும் அதிகமான பீர்க்கடைகள்! எல்லாம் புதுக் கட்டடமா என்றால் கிடையாது. கொல்லரும் தச்சரும் தங்கள் வீட்டு முன்னறையைக் காலி பண்ணி நாலு பெஞ்சு போட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு 'பாரம்பரியமான கிராமத்து பப்' என்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்களே, அவற்றில் கணிசமானவை இப்படி வீடு கடையான கதைதான்.

நிறைய திறந்தால் நிறைய மூடத்தானே வேண்டும்? 1869-ல் மறுபடியும் மாஜிஸ்திரேட் கையில் அதிகாரம் போனது. 1904-ல் பால்ஃபர் அரசாங்கம், 'இந்த ஊருக்கு இத்தனை பப் வேண்டாம், மூடு. நஷ்டஈடு தருகிறோம்' என்றது. அந்தப் பணம் அரசாங்கத்தின் பாக்கெட்டிலிருந்து வரவில்லை. மற்ற பப்களிடம் வசூலித்துக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் மூடினார்கள். பல கட்டடங்கள் திரும்பவும் வீடாயின. ஆக, பப் வீடாவது ஒன்றும் புதிய சமாசாரமில்லை. நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

அப்புறம் ஏன் இன்றைக்கு இத்தனை கூப்பாடு?

அன்றைக்கு ஊரில் நாலில் ஒன்று மூடியது. இன்றைக்கு மூடுவது பல இடங்களில் கடைசி ஒன்று. தபால் ஆபீஸ் ஏற்கெனவே போயிருக்கும். மளிகைக்கடை போயிருக்கும். பஸ் வந்தால் உண்டு. மிச்சம் இருப்பது சர்ச்சும் பப்பும்தான். சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை போவார்கள், அதுவும் எல்லோரும் கிடையாது.

பப் என்பது பீர் மட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாராவது மர்மமாக இறந்துபோனால் விசாரணை நடந்தது பப்பில். ஏலம் விட்டது பப்பில். தொழிலாளிகள் மாதாமாதம் கொஞ்சம் காசு போட்டு, நோய்க்கும் சாவுக்கும் எடுத்துக்கொண்ட சங்கங்கள் கூடியது பப்பில். கிரிக்கெட் பைத்தியங்களான நமக்குத் தெரியவேண்டிய ஒன்று: பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மிகப் பெரிய கிரிக்கெட் கிளப், ஹாம்பிள்டன் என்கிற சின்ன கிராமத்துக் கிளப். மைதானத்துக்கு எதிரே இருந்த 'பேட் அண்ட் பால்' பப்தான் அதன் தலைமை அலுவலகம் மாதிரி. பப்பை நடத்திய ரிச்சர்ட் நைரன்தான் டீமுக்கும் கேப்டன்!

சரி, மூடுவதற்கு என்ன காரணம்? யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை.

1967-ல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லிப் பிடிக்கும் சட்டம் வந்தது. நல்ல சட்டம், ஏகப்பட்ட உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் பஸ் இல்லாத கிராமத்தில், நாலு மைல் தள்ளியிருக்கிற பப்புக்குப் போனவர் எப்படித் திரும்புவார்? 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கிலாந்து பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை. 2008 முதல் 2013 வரை வருடா வருடம் பணவீக்கத்துக்கும் மேலே எகிறிய பீர் வரி. இன்னொரு பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் மலிவு விலை பீர், வீட்டில் பெரிய டி.வி. ஐக்கிய ராஜ்ஜியத்தின் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி 2008-ல் சுமார் 50,000 பப்கள் இருந்தன. 2018-ல் சுமார் 39,000.

ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நான் படித்தது பி.காம். என்பதால் எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுகிறதோ என்னவோ.

1989 வரை ஆறு பெரிய பீர் கம்பெனிகள் பல்லாயிரம் பப்களைக் கையில் வைத்திருந்தன. என் பப்பில் என் பீர்தான் விற்கவேண்டும் என்பது ஒப்பந்தம். இது சரியில்லை என்று தாட்சர் அரசாங்கம் உத்தரவு போட்டது. 2,000 பப்புக்கு மேல் வைத்திருக்கிற பீர் கம்பெனி, மேலே இருப்பதில் பாதியைத் தன் பிடியிலிருந்து விடுவிக்கவேண்டும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் உத்தரவு 'பீர் காய்ச்சுகிற கம்பெனி' என்றல்லவா சொல்கிறது? காய்ச்சாத கம்பெனி எத்தனை பப் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமே! பஞ்ச், என்டர்பிரைஸ் என்று புதிய கம்பெனிகள் வந்தன. கடன் வாங்கி, வாங்கிய பப்பை அடமானம் வைத்து, அதில் இன்னும் பப் வாங்கி, 2000-களின் நடுவில் ஆளுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பப் என்று குவித்துவிட்டார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்தது. கடன்காரன் கழுத்தைப் பிடித்தான். பப்களை விற்கத் தொடங்கினார்கள்.

யார் வாங்குவார்? இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஓடுகிற பப்பாக விற்றால் மூன்று லட்சம் பவுண்டு. அதே கட்டடத்தை வீடாக விற்றால் ஐந்து லட்சம். கார் நிறுத்துமிடத்தில் இன்னும் இரண்டு வீடு கட்டலாம். நீங்கள் ஓனராக இருந்தால் எதைச் செய்வீர்கள்?

ஆகவே, பப் நஷ்டத்தில் ஓடவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. லாபத்தில் ஓடினாலும், வீடாக்கினால் வருகிற லாபத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். கதை முடிந்தது.

நினைத்தவுடன் வீடாக்கிவிட முடியாது. உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். பல கவுன்சில்கள் கேட்கிற கேள்விகள் இவை. பப்பாகவே விற்க முயற்சி செய்தாயா? நியாயமான விலைக்கு, ஒரு வருடமாவது விளம்பரம் செய்தாயா? கணக்குப் புத்தகம் எங்கே? நடந்துபோகிற தூரத்தில் வேறு பப் உண்டா? வீடாக்க விரும்புகிறவர், இது இனி பிழைக்காது என்று நிரூபிக்கவேண்டும். விவகாரமான ஓனருக்கு இதில் ஒரு வழி தெரியும். கூரை ஒழுகினால் சரி செய்யாதே. வாடகையை ஏற்று. நடத்துகிறவர் ஓடிப்போவார். யாரும் வாங்க முடியாத விலையைச் சொல். ஒரு வருடம் கழித்து, 'பார்த்தீர்களா, ஒருத்தர்கூட வரவில்லை' என்று கையை விரி.

இன்னும் துணிச்சலானவர்களும் உண்டு. லண்டனில் மேய்டா வேல் பகுதியில் கார்ல்டன் டேவர்ன் என்று 1920-களின் தொடக்கத்தில் கட்டிய பப். அங்கே அடுக்குமாடி வீடு கட்ட ஓனருக்கு ஆசை. கவுன்சில் மறுத்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் பப் சேரவிருந்த நேரம். 2015 ஏப்ரலில் ஒருநாள் புல்டோசர் வந்து இடித்துத் தள்ளிவிட்டது! ஊர்க்காரர்கள் விடவில்லை. கவுன்சிலும் விடவில்லை. இடித்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு. அப்பீல் போனார்கள், எடுபடவில்லை. 2021 ஏப்ரலில் அதே பப், அதே முகத்தோடு மறுபடி திறந்தது.

இப்படி வீரமாக முடிகிற கதைகள் குறைவு. நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பப்பை வீடாக்குகிற எல்லோரும் வில்லன் கிடையாது. பல இடங்களில் விண்ணப்பம் போடுவது, அதை நடத்தி நடத்தி நொந்துபோன தம்பதிதான். காலை டெலிவரியில் ஆரம்பித்து நடுராத்திரி கிளாஸ் கழுவுகிறவரை வேலை. வாரத்துக்கு ஏழு நாள். கையில் நிற்பது சொற்பம். அவர்களுக்கும் மாடியில் இருப்பதுதான் வீடு. வயதாகிறது. கடையை மூடிவிட்டு அதே கூரைக்குக் கீழே நிம்மதியாக இருக்கிறோமே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அவர்களை எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போடுகிற ஊர்க்காரர் கடைசியாக எப்போது அந்த பப்புக்கு வந்தார் என்று பார்த்தால், போன கிறிஸ்துமஸாக இருக்கும்.

அக்கவுன்டன்சியில் குட்வில் என்று ஒரு பாடம் உண்டு. நல்லெண்ணம், நற்பெயர், வாடிக்கையாளரின் பாசம். கடைக்கு அதுதான் உயிர். ஆனால் நீங்களாக உழைத்துச் சேர்த்த குட்வில்லைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக்கூடாது. எப்போது காட்டலாம்? யாராவது காசு கொடுத்து அதை வாங்கினால் மட்டும். முன்னூறு வருடம் ஒரு ஊரே சேர்ந்து சேர்த்துவைத்த குட்வில்லுக்கும் அதே விதிதான். கட்டடம் வீடாகக் கைமாறும் தினத்தில் அதன் மதிப்பு பூஜ்யம்.

வடக்கு யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்று சில நூறு பேர் வாழ்கிற கிராமம். அங்கே இருந்த ஒரே பப், 'ஜார்ஜ் அண்ட் டிராகன்', 2008-ல் மூடியது. இன்னொரு அழகான வீடாகப் போயிருக்கவேண்டியது. ஊர்க்காரர்கள் கூடினார்கள். மனு எழுதுவதோடு நிறுத்தவில்லை. பங்கு போட்டுப் பணம் திரட்டி, 2010-ல் வாங்கியே விட்டார்கள். உள்ளே ஒரு மூலையில் நூலகம். ஒரு பக்கம் சின்ன மளிகைக்கடை. பின்னால் இருந்த நிலத்தில் ஊர்க்காரர்களுக்குக் காய்கறித் தோட்டம். நாட்டின் சிறந்த பப் என்று 2016-க்கான தேசிய விருதையும் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

இந்த மாதிரி முயற்சிகளுக்குக் கைகொடுக்க 2011-ல் ஒரு சட்டம் வந்தது. 'இது எங்கள் ஊருக்கு முக்கியமான சொத்து' என்று ஒரு பப்பைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். ஓனர் விற்க நினைத்தால், நாங்களும் போட்டியில் இருக்கிறோம் என்று ஆறு வாரத்துக்குள் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால், பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம் அவகாசம். ஆனால் அவகாசம் மட்டும்தான். ஊருக்குத்தான் விற்கவேண்டும் என்று ஓனருக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. 2017 மே முதல், பப்பை இடிக்கவும், கடையாகவோ ஆபீஸாகவோ மாற்றவும்கூட இங்கிலாந்தில் அனுமதி தேவை. அதுவரை அது பெரும்பாலும் தேவைப்படவில்லை.

சட்டம் இவ்வளவுதான் செய்யும். கதவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போகிறவர்கள் போகவேண்டும்.

ஹட்ஸ்வெல் ஆசாமிகள் யாரும் பி.காம். படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் குட்வில் எப்போது கணக்கில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.