சவர்க்காரமும் சகோதரத்துவமும்

வியாபாரி சவர்க்காரத்தை விற்பதுபோல, சமுதாய நலம் நாடுவோர் சகோதரத்துவத்தை விற்க முடியாதா? 1951–52ஆம் ஆண்டுக் காலத்தில் ஜி. டி. வீபே என்னும் அமெரிக்க உளவியலறிஞர் எழுப்பிய கேள்வி இது. வானொலியும் புதிதாகப் பரவிவந்த தொலைக்காட்சியும் பண்டங்களை விற்றுக் குவிப்பதைக் கண்ட அவர், அதே கருவிகளால் நற்பழக்கங்களையும் மக்களிடையே பரப்பலாகாதா என்று ஆராய்ந்தார். சாதியின் பெயரால் மனிதனை மனிதன் தள்ளிவைத்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

வீபே கண்ட விடை எளிமையானது. ஒரு செய்தி நெஞ்சைத் தொட்டால் மட்டும் போதாது. தொடப்பட்டவன் எங்கே சென்று என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாயிருக்கவேண்டும்; செல்லுமிடம் எட்டுந்தூரத்தில் இருக்கவேண்டும்; அங்கே அவன் நாடியது கிடைக்கவும் வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது கேற் சிமித் என்ற பாடகி வானொலியிற் பேசிப் போர்க் கடன்பத்திரங்களை விற்றார். அவரது பேச்சால் உருகியவர்கள் உடனே தொலைபேசியை எடுத்தாலே போதும், பத்திரத்துக்குப் பதிவுசெய்துவிடலாம். சவர்க்கார விளம்பரத்தின் பாட்டும் படமும் பலிப்பதற்குக் காரணம் தெருமுனையில் ஒரு கடை இருப்பதே.

இந்தக் கேள்வி பின்னர் ஒரு துறையாகவே வளர்ந்தது. 1971இல் பிலிப் கோட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் அதற்குச் ‘சமூகச் சந்தைப்படுத்தல்’ என்று பெயரிட்டனர். ஆனால், பெயர் பிறக்கும் முன்பே செயல் பிறந்தது; அதுவும் நம் அயலில். 1964இல் கல்கத்தா முகாமைத்துவ நிறுவனம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான திட்டமொன்றை வகுத்தது. அதன் வழியில் 1968இல் இந்திய அரசு ‘நிரோத்’ என்ற ஆணுறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்று உறைகள் 15 பைசா. லிப்டன், புரூக் பாண்ட், இந்துஸ்தான் லீவர் போன்ற பெருங் கம்பனிகள் தேயிலையையும் சவர்க்காரத்தையும் ஏற்றிச்சென்ற வழியிலேயே அதையும் ஊர்க்கடைகளுக்குக் கொண்டுசேர்த்தன. இலங்கையில் 1973இல் குடும்பத் திட்டச் சங்கம் ‘பிரீதி’யை அறிமுகப்படுத்தியது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவான, மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் அது. கூச்சத்தோடு மறைத்துப் பேசப்பட்ட ஒரு பொருள் கடைத் தட்டில் இடம்பெற்றது. மருத்துவமனையை நாட முடியாத ஏழைக்கும் அது எட்டியது. இந்தப் பயனை முற்போக்காளர் எவரும் இகழ வேண்டியதில்லை.

ஆயின், வீபேயின் கேள்வி உறையைப் பற்றியதன்று, சகோதரத்துவத்தைப் பற்றியது. அதற்கு நமது குடாநாட்டு வரலாறு என்ன விடை கூறுகிறது?

1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், தீண்டாமை ஒழிப்பைத் தன் இலட்சியங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் அதன் தூண்களாக நின்றனர். 1927 நவம்பரில் அவர்களின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், கதருக்கு நிதி திரட்டியதோடு தீண்டாமையையும் கண்டித்துப் பேசினார். ஒரு கருத்தைக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய துணியாக்கி ஊரூராகக் கொண்டுசென்ற அவரைவிடத் திறமையான ‘விற்பனையாளர்’ யார்? சபைகள் திரண்டன, பணமும் சேர்ந்தது. ஆனால், 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்கவேண்டுமென அரசு பணித்தபோது, சாதிமான்கள் கொதித்தெழுந்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு மூன்றாண்டுகளே கழிந்த மண்ணில் இது நடந்தது!

காரணத்தை ஆராய்வோம். சவர்க்காரம் வாங்குபவன் காசைக் கொடுக்கிறான். பயனை அவனே பெறுகிறான். சாதி ஒழிப்பிலோ, மாறவேண்டியவன் ஒருவன், பயன்பெறுபவன் வேறொருவன். மாறவேண்டியவன் கொடுக்கவேண்டிய விலை அவனது அதிகாரம். மலிவான கூலியும் தலைமுறையாய் வந்த ஊழியமும் அந்த அதிகாரத்தின் விளைவுகள். எந்த விளம்பரமும் அந்த விலையைக் குறைக்காது.

இன்னொன்றும் உண்டு. வீபே கேட்ட அந்தக் கடைதான் இங்கே தீண்டாமையின் கோட்டையாக இருந்தது. தேநீர்க்கடையில் மற்றவர்களுக்கு வாங்கும் கிளாசும். ஒடுக்கப்பட்டவர்களுக்கு வெளிப்புறமும் தகரப் பேணியும் போத்தலும். ஆறு ஓடாத, கிணற்றையே நம்பிய இந்நாட்டில் கிணற்றுக் கட்டும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. கடைக்குட் செல்ல முடியாதவனுக்குக் கடையை நம்பிய தத்துவம் எவ்வாறு உதவும்?

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கடை, கிணறு, உணவகம் முதலிய பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடுப்பது குற்றமாயிற்று. ஆயினும், சட்டப் புத்தகம் திறந்த கதவைப் பல கடை முதலாளிகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் மீறி அது நகரை அடைந்தது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் போராட்டம் தொடர்ந்தது. அக்காலப் போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இவ்வியக்கம் மக்கள் மனத்தை அறியும் கலையைப் புறக்கணிக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். ‘சமத்துவம்’ என்ற பெரிய சொல்லை அது ஒரு வாங்காகவும் ஒரு கிளாசாகவும் சுருக்கிக் காட்டியது. எந்தக் கடைக்குப் போவது, எங்கே அமர்வது, எதிற் குடிப்பது என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கியது. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ மக்கள் அறிந்த கூத்து வடிவிலேயே அவர்களிடம் சென்றது. வீபே வேண்டிய தெளிவும் வழியும் இங்கே இருந்தன. அவர் எண்ணாத ஒன்றும் இருந்தது: எட்டாத கடையை எட்டச்செய்த மக்களின் கூட்டுப் பலம்.

ஆகவே, விற்பனைக் கலையை வெறுப்பதும் தவறு. அதனிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் தவறு. கடை திறந்திருக்கும் இடத்தில் அது நல்ல ஊழியன். கடை மூடியிருக்கும் இடத்தில், மூடியவனை விட்டு வெளியே நிற்பவனுக்கு அறிவுரை கூறும் வெறும் வாயாகிவிடுகிறது.

2020இல் கொரோனா பரவியபோது அடிக்கடி கைகழுவுமாறு சுவரொட்டிகள் நம்மை வேண்டின. நல்ல வேண்டுகோள்; மாணவர்க்கு நாமும் அதைச் சொன்னோம். ஆனால், சொந்தக் கிணறில்லாத வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், ஆசிரியர் சுவரொட்டியை வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடலாமா? இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் எங்கே, அதை மறிப்பவர் யார் என்று கேட்பதும் பாடத்தின் பகுதியே. அந்தக் கேள்வியை மாணவர்களே கேட்கத் தொடங்கும் நாளில் வீபேயின் கேள்விக்கு நமது குடாநாடு தன் விடையை முழுமையாக்கும்.