காட்டுக்கத்தி

காட்டுக்கத்தி என்பது, மடக்கும் கீல் இன்றி, அலகும் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியும் ஒரே இரும்பால் ஆகி, வனத்தில் தங்குவோர்க்குச் சிராய் சீவுதல், முளை கூராக்குதல், கயிறு அறுத்தல், உணவு நறுக்குதல் முதலிய பல காரியங்களுக்கும் உதவும் சிறு கருவியாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாகரசம்பட்டி தொடங்கித் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகள் வரையுள்ள பிரதேசத்தில் தழை வெட்டக் கொடுவாளும், கன்னட எல்லையோரத்தில் மச்சு எனப்படும் கனத்த வெட்டுக்கத்தியும் வழங்குகின்றன. காட்டுக்கத்தி இவ்விரண்டினும் குறுகியது. நுண்ணிய வேலைக்கு உரியது.

இதன் பூர்வ சரித்திரம் இம்மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. இதே மாவட்டத்தில், தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில், 2003இல் பேராசிரியர் கா. ராஜனும் 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் நிகழ்த்திய அகழாய்வுகளின் பயனாக, இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 2172 எனத் தெரிய வந்து, 2022 மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தாமிரபரணிக் கரைச் சிவகளையில் அக்காலத்தைக் கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டு சென்றது. ஆதலின் இரும்பை உருக்கி அலகாக்கும் வித்தை தமிழகத்தில் மிகத் தொன்மையானது எனலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நடுகற்களில் ஆநிரை மீட்டும் புலியொடு பொருதும் மாண்ட வீரர்கள், கையில் வில்லும் வாளும் ஏந்தி, இடையில் குறுவாள் செருகி நிற்கும் கோலத்தைக் காண்போர், இடைக்கத்தி இந்நிலத்து மாந்தரின் உடலோடு எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதை உணர்வர்.

இரும்பை உருக்குவதினும் அதனை எஃகாக்கும் முறை விசேஷமானது. நொய்யல் கரைக் கொடுமணலில் உலைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டுள்ளன. சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள், மெல்லிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, உடன் உலர்ந்த ஆவாரங்கட்டைகளைச் சேர்த்து, மேலே எருக்கிலை பரப்பி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தியூதிப் பல நாழிகை காய்ச்சினர். அவ்விலையும் கட்டையும் கரியாகி இரும்பிற் கலந்து, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரிமம் கொண்ட எஃகுக் கட்டியைத் தந்தன. மேனாட்டார் ஊட்ஸ் என்று அழைத்த இவ்வெஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் ஆராய்ச்சியுரை படித்தார். மைக்கேல் ஃபாரடேயும் 1819 முதல் இதைப் பகுத்தாராய்ந்தார். விலை மலிந்த சீமை இரும்பு கப்பலில் வந்து குவியவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் நசித்தது.

கத்தியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்க வேண்டுவது தோய்ச்சல். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செந்தழலாய்ப் பழுத்த அலகை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும் கடினம் பெறும். அதனை மீளவும் இளஞ்சூட்டில் வாட்ட, துலக்கிய இரும்பின்மேல் வைக்கோல் மஞ்சள் நிறம் படரும் கணத்தில் நிறுத்திவிடுபவனே கைதேர்ந்த கொல்லன். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் கூர் நில்லாது. வாட்டாமலே விட்டாலோ வாய் உதிரும். செவ்வையாகத் தோய்ந்த வாயில் அரத்தை ஓட்டிப் பார்த்தால், அது கடிக்காமல் வழுக்கிச் செல்லும்.

அலகின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்படாமலும், முதுகின் கனம் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டராகவும் இருத்தல் உத்தமம். முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கும்போது மெலிந்த அலகு வளையும். மிகத் தடித்ததோ மரத்தில் இறங்காது. இருபுறமும் ஒரே சரிவாய் இறங்கி வாயிற் கூடும் அமைப்பு, சுவீடனின் மோரா கத்திகளிலும் பின்லாந்தின் புக்கோவிலும் காணப்படுவது, மரம் சீவுதற்கு மிகச் சிறந்தது. சாணைக் கல்லில் அச்சரிவையே படிய வைத்துத் தீட்டலாமாகையால் கூர் ஏற்றுவதும் எளிது. கரிம எஃகே காட்டுக்கு ஏற்றது. அது துருப்பிடிக்கும் என்பது மெய்யாயினும், எண்ணெய் தடவினால் துரு அண்டாது. சிக்கிமுக்கிக் கல்லில் அதன் கூரிய முதுகை உரசினால் நெருப்புப் பொறியும் பறக்கும். பிடியினுள் செல்லும் இரும்பு பிடியின் நீளம் முழுதும் ஓடி, கருவேலம் போன்ற வலிய மரத்தால் இருபுறமும் அணைக்கப்பட்டு, ஆணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதியில் நின்றுவிடும் அடியுடைய கத்தி, வேலையின் நடுவே கையைக் கைவிடும்.

கத்தி வைத்திருப்போர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்டவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்றவோ ஆன கூரிய அலகுகளைக் கட்டுப்படுத்தி, வீட்டு வேலை, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு மட்டும் விலக்களிக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ கத்தியையும் ஆயுதமென்றே கொண்டு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான முன்னனுமதி இன்றிச் சரணாலயத்துள் அதனை எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. 2014இல் இப்பகுதியில் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்குச் சரணாலயத்துக்கும் இது பொருந்தும். செய்முறையைப் பொறுத்தவரை, தற்காலத்தில் பட்டறைகளில் பழைய லாரி வில்பட்டைகளிலிருந்தே பெரும்பாலும் கத்திகள் அடிக்கப்படுகின்றன; ஆலைகளில் செய்த துருவேறாக் கத்திகளும் கடைகளில் விற்கின்றன.