மெம்பிஸ் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், மெக்லெமோர் சாலையில், 'கேப்பிடல்' என்ற பழைய திரையரங்கு காலியாகக் கிடந்தது. 1960இல் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்காள் எஸ்டெல் ஆக்ஸ்டனும் அதை வாடகைக்கு எடுத்தனர். இருவருமே வங்கி ஊழியர்கள். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதற்காக ஆக்ஸ்டன் முன்னரே தம் வீட்டை அடமானம் வைத்திருந்தார்.

இருக்கைகளை அகற்றிவிட்டு, எதிரொலியைக் குறைக்கக் கனத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டனர். மேடை கட்டுப்பாட்டு அறையாயிற்று. தின்பண்டம் விற்ற இடத்தில் ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை வைத்தார். திரையரங்குகளுக்கே உரிய சரிவான தரையை மட்டும் சமன்படுத்தாமல் விட்டுவிட்டனர். தரையும் கூரையும் இணையாக இருந்தால் ஒலி இரண்டுக்கும் இடையே மோதி மோதித் திரும்பும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஸ்டாக்ஸ் பதிவுகளின் தனி ஒலிக்கு இந்தச் சரிவும் ஒரு காரணம் என்பர்.

ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1961இல் 'ஸ்டாக்ஸ்' என்ற பெயர் அமைந்தது.

கட்டடத்தைவிட அதில் கூடியவர்களே முக்கியம் என்பது என் கருத்து. நிறப்பாகுபாடு நிலவிய அந்நகரில் கறுப்பரும் வெள்ளையரும் இங்கே ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அக்கம்பக்கத்து இளைஞர்கள் கடைக்கு இசைத்தட்டுக் கேட்க வந்தனர். அவர்களில் ஒருவரான புக்கர் டி. ஜோன்ஸின் குழு 1962இல் 'கிரீன் ஆனியன்ஸ்' இசைத்தட்டை வெளியிட்டது. ஓட்டிஸ் ரெடிங் முதன்முதலாக இங்கே பாடியதும் அதே ஆண்டில்தான்.

நிறுவனம் 1975 டிசம்பரில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. 1989இல் கட்டடம் இடிக்கப்பட்டது. 2003இல் அதே மனையில் ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய கூடத்தை அங்கே மறுபடி கட்டியபோது சரிவான தரையையும் அமைத்தனர்.